மதிப்பெண்ணை முன்கூட்டியே எழுதி வைத்த சிறுமி: தாராவியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

மும்பை தாராவியில் 90 அடிச் சாலைக்கு அருகே வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் 10 வயதுப் பெண் குழந்தையைப் பற்றியது இந்த ஆய்வு. ஆங்கிலவழித் தனியார் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவளை, அரையாண்டுத் தேர்வு முடிவு வந்த சில நாள்களில், தாயார் என்னிடம் அழைத்து வந்தார். நான் உளவியலாளர் அல்ல. பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் சில பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். குழந்தை யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன்.

"நல்லா படிக்கிற பிள்ள டீச்சர், திடீர்னு என்ன ஆச்சுன்னே தெரியல" என்றார் தாயார். அதுவரை எந்தப் பாடத்திலும் 90-க்குக் கீழே இறங்காதவள், இம்முறை மராத்தியில் 61, ஆங்கிலத்தில் 67, சுற்றுச்சூழலியலில் 71, இந்தியில் 73, கணக்கில் 79 என்று வாங்கியிருந்தாள். கவனக்குறைவு, வகுப்பில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள், திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி என்று விடுப்பு எடுக்கிறாள் என வகுப்பாசிரியர் எழுதி அனுப்பியிருந்தார். வயிற்றுவலிக்கு மருத்துவரிடம் காட்டியதில் குறை எதுவும் தெரியவில்லை.

அந்த ஐந்து எண்களையும் வரிசையாகப் பார்த்தபோதே எனக்கு ஐயம் எழுந்தது. 61, 67, 71, 73, 79 ஆகியவை ஐந்தும் பகா எண்கள். அதிலும் இடையில் ஒன்றுகூட விடுபடாமல் அடுத்தடுத்து வருபவை. தாயாரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டேன். அவள் மறுக்கவில்லை. மராத்தியில் கட்டுரை வினாவை அவள் தொடவே இல்லை, ஏனெனில் கட்டுரைக்கு ஆசிரியர் எவ்வளவு போடுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒற்றை மதிப்பெண் வினாக்களும் இலக்கணமும் நம்பகமானவை. அவற்றில்தான் கூட்டிக் கழித்து 61-ஐ எட்டியிருக்கிறாள். எந்த ஆசிரியர் எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைப்பார், எவர் கண்டுகொள்ளாமல் விடுவார் என்பதற்கு நோட்டின் பின்பக்கத்தில் தனிப்பட்டியல் வைத்திருந்தாள்.

பகா எண்கள்தான் வேண்டுமா, வர்க்க எண்களை எடுத்திருக்கலாமே என்றேன். அதையும் அவள் யோசித்திருக்கிறாள். தேர்ச்சி மதிப்பெண்ணான 35-க்கு மேல் 100 வரை 36, 49, 64, 81, 100 எனச் சரியாக ஐந்து வர்க்க எண்கள் இருக்கின்றன, பாடங்களும் ஐந்து. "ஆனா 36 வந்தா அம்மா ஏசுவாங்க" என்று அதைக் கைவிட்டிருக்கிறாள்.

பள்ளி இதைப் படிப்பில் சரிவு என்று பதிவு செய்திருந்தது. என் பார்வையில், அந்த ஆண்டு முழுவதிலும் அவள் செய்த மிகக் கடினமான வேலை இதுதான். ஐந்து ஆசிரியர்கள் திருத்தும் விதத்தைக் கணித்து, ஐந்து விடைத்தாள்களையும் குறித்த எண்ணில் நிறுத்துவது எல்லா விடையையும் சரியாக எழுதி 95 வாங்குவதைவிடப் பல மடங்கு கடினம். பள்ளி கொடுக்காத சவாலை அவள் தேர்வுத் தாளிலிருந்தே செய்துகொண்டிருக்கிறாள்.

வீடு

தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மணிபர்ஸும் சிறு பைகளும் தைக்கும் தோல் பட்டறை நடத்துகிறார். கணக்கு வழக்கைத் தாயார் பார்த்துக்கொள்கிறார். உடன் ஆச்சியும், டிப்ளமா படிக்கும் பெரியப்பா மகனும் இருக்கிறார்கள். குழந்தை 4 வயதில் பட்டறைச் சிட்டைகளைக் கூட்டிக் காட்டியதாக ஆச்சி சொல்கிறார். பேத்தியைப் பற்றி ஆச்சிகள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும், மீதி போதும்.

முதல் மதிப்பீடு

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971-இல் தொடங்கிய ஆய்வு, அபாரத் திறன் உள்ள பிள்ளைகளை மதிப்பிடப் பலரும் பின்பற்றும் ஒரு வழியைக் காட்டியது. அபாரத் திறன் உள்ள குழந்தைக்கு அதன் வகுப்புத் தாளைக் கொடுத்தால் 98-க்கும் 100-க்கும் இடையே எதுவும் தெரியாது; சில ஆண்டு மூத்தவர்களுக்கான தாளைக் கொடுத்தால்தான் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஸ்டான்லி 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான தேர்வையே கொடுத்துப் பார்த்தார். நான் எட்டாம் வகுப்புப் பாடநூலிலிருந்து கணக்குகளை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாறியுள்ள சமன்பாடுகளை, முறை எதுவும் கற்காமலே, தராசின் இருபுறத்திலும் சமமாகக் குறைப்பதுபோல யோசித்துத் தீர்த்தாள். விகிதமும் பின்னமும் அவளைத் தடுக்கவே இல்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. சில நிமிடங்களில் விடை வராத முதல் கணக்கை அவள் கவிழ்த்து வைத்துவிட்டாள். மிக எளிதான தாளைக் கொடுத்தபோதும் அப்படியே கவிழ்த்து வைத்தாள். இரண்டு நேரத்திலும் முகத்தில் ஒரே சலிப்பு. 10 வயது வரை எதிலும் முட்டிக்கொள்ளாத குழந்தைக்கு, முட்டி நிற்கும்போது என்ன செய்வது என்று தெரிவதில்லை. தனக்கு வரவில்லை என்பதை அது சலிப்பாகவே உணர்கிறது. சலிப்பைப் போக்கக் கடினமான கணக்கைக் கொடுத்தால் போதும் என்று எண்ணும் பெற்றோரும் ஆசிரியரும் தடுமாறும் இடம் இது.

வேறு குறைகளும் தெரிந்தன. விடையை எழுதுவாள், வழியை எழுத மாட்டாள். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் வரும்" என்பாள்.

அதற்கு முன் முயன்றவை

அபாகஸ் வகுப்பில் சேர்த்திருந்தார்கள்; நிலைகளை வேகமாக முடித்துவிட்டு நின்றுவிட்டாள். அங்கே கற்பிக்கப்படுவது வேகம். அவளுக்கு இல்லாதது அதுவல்ல.

டபுள் ப்ரமோஷன் கேட்டார் தந்தை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பையே சொல்கிறது என்று பள்ளி மறுத்துவிட்டது. அச்சட்டத்தில் வரும் அந்த விதி, பள்ளிக்கே வராமல் இருந்த பிள்ளைகளை அவர்கள் வயதுக்குரிய வகுப்பில் சேர்ப்பதற்காக எழுதப்பட்டது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் டபுள் ப்ரமோஷன் மட்டுமே தீர்வாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பு தாண்டிய பிள்ளைகள் பொதுவாகக் கெட்டுப்போவதில்லை என்றே ஸ்டான்லியின் வழிவந்த நெடுங்கால ஆய்வுகள் காட்டுகின்றன, அச்சத்துக்கு இடமில்லை. இவளைப் பொறுத்தவரை, ஏழாம் வகுப்புக்குத் தாவியிருந்தாலும் சில மாதங்களில் அதே சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கணித ஒலிம்பியாட் பற்றியும் கேட்டார்கள். இந்தியா 1989 முதல் சர்வதேசப் போட்டிக்கு அணி அனுப்புகிறது. 1996-இல் அந்தப் போட்டியே மும்பையில்தான் நடந்தது. தேர்வுப் படிகளை வழிநடத்தும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் தாராவியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மான்குர்தில் இருக்கிறது. ஆனால் முதல் படியான தகுதித் தேர்வு எட்டாம் வகுப்பு முதல்தான். அதற்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதோடு, மணி பார்த்து எழுதும் தேர்வு எதுவாக இருந்தாலும், மாதக்கணக்கில் ஒரே கேள்வியோடு இருக்கும் பழக்கத்தை அதுவே தந்துவிடாது.

உறவினர் வீடுகளில் இதற்குள் ராமானுஜன் பெயர் அடிபடத் தொடங்கியிருந்தது. கணக்கு வரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது தவிர்க்க முடியாத தண்டனை. மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜன் உதவித்தொகையை இழந்தார் என்பதையும், 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதும்வரை அவர் எழுதியதை முழுதாகப் படித்துச் சரிபார்க்க ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதையில் பயன்பட்டது அந்தப் பின்பாதிதான்: எழுதியதைக் குறுக்குக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும்.

முதல் ஏற்பாடு: கப்ரேக்கர்

இரண்டு தகுதிகள் உள்ள ஒரு கேள்வியைத் தேடினேன். முதல் நாளே அவள் கை வைக்க முடிய வேண்டும். ஆனால் முடிந்துவிடக் கூடாது. அதற்கு மகாராஷ்டிரத்திலேயே ஆள் இருந்தார். டஹாணுவில் 1905-இல் பிறந்து, நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகவே பணியாற்றி ஓய்வு பெற்ற டி. ஆர். கப்ரேக்கர், 1949-இல் ஒன்றைக் கண்டார். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். வரும் விடையை (மூன்று இலக்கமே வந்தால் முன்னால் 0 சேர்த்து) மீண்டும் அப்படியே செய்ய வேண்டும். எதில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். அதற்குப் பிறகு அதுவே திரும்பத் திரும்ப வரும்.

நான் முறையை மட்டும் சொன்னேன், 6174-ஐச் சொல்லவில்லை. முதல் வகுப்பிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த வாரம், கப்ரேக்கர் பிறந்த ஆண்டையே போட்டுப் பார்த்ததாக ஒரு தாளை நீட்டினாள்: 1905-இலிருந்து 9351, 8172, 7443, 3996, 6264, 4176, பிறகு 6174. முழுதாக ஏழு படிகள். "இவரு பிறந்த வருஷமே இருக்கதுல லேட்டா வருது டீச்சர்" என்றாள்.

எல்லா எண்களுக்கும் இப்படி வரும் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெரியப்பா மகன் லேப்டாப்பில் பைத்தான் நிரல் எழுதி எல்லா எண்களையும் ஓட்டிக் காட்டிவிட்டான் என்றாள். வந்துவிடுகிறது என்பதற்கு அது சான்று. ஏன் வருகிறது என்பதற்கு அதில் எதுவும் இல்லை. இங்கேதான் அவள் முதன்முறையாக நின்றாள். தாளைக் கவிழ்த்து வைக்கவும் செய்தாள். மூன்று வாரங்கள் வேறு எதையும் கொடுக்காமல் இருந்தேன். தாயார் தொலைபேசியில் கவலைப்பட்டார், பிள்ளை எரிச்சலாக இருக்கிறாள் என்றார். எரிச்சல் நல்ல அறிகுறி என்று சொன்னதை அவர் நம்பினாரா தெரியாது.

பிறகு ஒரு ஞாயிறன்று கொண்டு வந்ததை அவள் எழுதிய ஒழுங்கிலேயே தருகிறேன். இறங்குவரிசையில் இலக்கங்கள் அ, ஆ, இ, ஈ என்றால், கழித்து வரும் விடை எப்போதும் 999-ஐ (அ − ஈ)-யால் பெருக்கி, அதோடு 90-ஐ (ஆ − இ)-யால் பெருக்கிக் கூட்டியதாகவே இருக்கும். ஆகவே நான்கு இலக்கங்கள் தேவையில்லை. இரண்டு வித்தியாசங்கள் போதும். இரண்டாவது வித்தியாசம் முதலாவதைவிடப் பெரிதாக முடியாது. எண்ணிப் பார்த்தால் 54 சோடிகள்தான். அண்ணன் லேப்டாப் ஆயிரக்கணக்கான எண்களில் பார்த்ததை அவள் 54 வரிகளில் ஒரே தாளில் முடித்திருந்தாள்.

அடுத்து ஐந்து இலக்கத்துக்குப் போனாள். அங்கே நடு இலக்கம் கழித்தலில் அடிபட்டுப்போவதால் மறுபடியும் அதே 54 சோடிகள்தான் என்பதைக் கண்டபோது அவளுக்கு வந்த மகிழ்ச்சியை, 100 மதிப்பெண் வாங்கிய நாளில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஐந்து இலக்கத்தில் 6174 போல ஓர் எண்ணில் வந்து நிற்பதில்லை. 53955-உம் 59994-உம் ஒன்றையொன்று மாறி மாறித் துரத்துகின்றன; நான்கு எண்கள் சுற்றிவரும் வளையங்கள் இரண்டும் இருக்கின்றன. ஏதோ ஓர் எண்ணில் வந்து நிற்கும் என்று முன்பே எழுதி வைத்திருந்த ஊகத்தைத் தானே அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டிருந்தாள்.

இந்த நேரத்தில் ஒரு விதியை வைத்தேன். விடை சரியா தவறா என்று நான் சொல்ல மாட்டேன். நம்ப மறுக்கும் ஒருவருக்கு எழுதுவதுபோல அவள் எழுத வேண்டும், அண்ணன் அதில் ஓட்டை தேட வேண்டும். "அப்படித்தான் வரும்" என்ற பேச்சு அவ்வளவில் நின்றது.

இரண்டாம் ஏற்பாடு: பட்டறை

இதை நான் திட்டமிடவில்லை. அவளே கொண்டு வந்தாள். தந்தையின் பட்டறைக்கு ஆட்டுத்தோல் தமிழ்நாட்டிலிருந்து பதப்படுத்தி வருகிறது. ஒரு தோல் ஏறத்தாழ 5 சதுர அடி. கட்டிங் மாஸ்டர் அதை மேசையில் விரித்து, அட்டை அச்சுகளை வைத்து வரைந்து வெட்டுகிறார். அச்சுகளை எப்படித் திருப்பி வைத்தால் துண்டு அதிகம் கிடைக்கும் என்பது அவள் கேள்வி.

நான் இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். கத்தியைத் தொடக் கூடாது, காகிதத்தில் மட்டுமே செய்ய வேண்டும். ஒட்டும் சொல்யூஷன் திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே போகக் கூடாது. குழந்தையின் ஆர்வம் எளிதில் பட்டறையின் வேலையாள் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் மூன்றாவதாக, அவள் கண்டுபிடிப்பது எதுவானாலும் அதை நம்பி உற்பத்தி நடக்கக் கூடாது என்றும் தந்தையிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஒரு தோலின் வடிவத்தைச் செய்தித்தாளில் இரண்டு பிரதி வரைந்து, ஒன்றை மாஸ்டருக்கும் மற்றதை அவளுக்கும் கொடுத்தார்கள். மணிபர்ஸின் வெளித்துண்டுக்கான அச்சு இருவருக்கும் ஒன்றே. மாஸ்டர் எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர். டீ குடித்து முடிப்பதற்குள் 12 துண்டு வரைந்துவிட்டார். அவள் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, அச்சுகளைச் சாய்த்தும் கவிழ்த்தும், 13 துண்டு வரைந்தாள். வென்றுவிட்டதாகவே நினைத்தாள்.

மாஸ்டர் அவள் தாளைத் தோலின் மேலேயே விரித்துப் பார்த்தார். "ஏ பிள்ள, கணக்கு சரிதான். ஆனா இது ரெண்டும் வயித்துப் பக்கம்லா, இழுக்கும். பர்ஸ் ஒரு மாசத்துல தொளதொளன்னு ஆயிரும்." பிறகு மூன்றாவது துண்டுக்கு நேரே இருந்த உண்ணிக் கடித் தழும்பை விரலால் தடவிக் காட்டினார். முதுகெலும்பை ஒட்டிய பகுதி உறுதியானது, பெரிய துண்டு அங்கே. வயிறும் காலும் நெகிழ்வானவை, உள்ளே மறையும் சிறு துண்டு அங்கே. அவளுடைய 13-இல் தேறியது 10.

அன்று அவள் அழவில்லை, தாளைக் கவிழ்க்கவும் இல்லை என்று தந்தை பிறகு சொன்னார். தோலை இரு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான பதிவு இதுதான். வகுப்பில் எந்த ஆசிரியரும் அவளைத் தோற்கடித்ததில்லை. தோற்கடித்தவர், அவளைவிடக் கணக்கு தெரிந்தவரும் அல்லர், பொருளைத் தெரிந்தவர். அந்தத் தோல்வியில் மதிப்பெண்ணும் இல்லை, ஒப்பீடும் இல்லை. துண்டு நிற்குமா நிற்காதா என்பது மட்டும் இருந்தது.

அதன் பிறகு அவள் கேள்வி மாறியது. தோலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எந்த அச்சு வரலாம் எது வரக்கூடாது என்று எழுதத் தொடங்கினாள். இப்படி யாராவது முன்பு செய்திருக்கிறார்களா என்று கேட்டபோது சோவியத் கணித அறிஞர் கண்டரோவிச்சைப் பற்றிச் சொன்னேன். அவரும் சிறுவயது மேதையே. 1926-இல், 14 வயதில், லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். தூய கணிதத்தில் பெயர் பெற்றிருந்த அவரிடம் 1938-இல் ஒரு பிளைவுட் நிறுவனம் வந்து, பல வகை மரத்தைப் பல வகை எந்திரங்களுக்கு எப்படிப் பகிர்ந்தால் உற்பத்தி மிகும் என்று கேட்டது. அதிலிருந்து அவர் வளர்த்த முறை 1939-இல் வெளிவந்தது. சேதாரம் குறைய வெட்டும் கேள்வியும் அதில் அடக்கம். பின்னாளில் அதற்காக 1975-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிறுமிக்குப் பரிசு பெரிதாகப் படவில்லை. பெரிய கணக்காளரிடம் மரக்கடைக்காரர்கள் கேள்வி கேட்டு வந்தார்கள் என்பதுதான் அவளுக்குப் புதுமையாக இருந்தது.

தோலில் வரும் சிக்கல்கள் இல்லாத ஒரு வடிவமும் அவளுக்குத் தேவைப்பட்டது. கழிவுத் தோலில் ஒரே அளவுச் சதுரங்கள் வெட்டித் தரச் சொன்னேன். ஐந்து சதுரங்களை அடக்கும் மிகச் சிறிய சதுரம் எது? நான்கை மூலைகளில் வைத்து, ஐந்தாவதை நடுவில் 45 பாகை சாய்த்து வைத்தால், பக்கம் ஏறத்தாழ 2.707 அலகு, அதற்கும் குறைக்க முடியாது என்பது நிறுவப்பட்டது. சாய்க்கலாம் என்பதை அவள் மாஸ்டரைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். பிறகு 11 சதுரங்கள் கொடுத்தேன். நேராக அடுக்கினால் 4 அலகுப் பக்கம் வேண்டும். இதுவரை உலகில் கண்டறியப்பட்ட மிகச் சிறந்த அடுக்கு ஏறத்தாழ 3.877, அதைவிடச் சிறியது முடியாது என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. இதைச் சொன்னபோது, "அப்ப உங்களுக்கும் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பெரியவர் ஒருவர் தேர்வு வைக்காமல் தன்னோடு சேர்ந்து தேடுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். அந்த 11 தோல் துண்டுகளும் இப்போது அவள் பள்ளிப்பையிலேயே இருக்கின்றன.

இப்போதைய நிலை

திங்கட்கிழமை வயிற்றுவலி அரிதாகிவிட்டது, முற்றிலும் நின்றுவிடவில்லை. பகா எண் விவகாரத்தைப் பெற்றோரிடம் அவள் சம்மதத்தோடுதான் சொன்னேன். தாயார் முதலில் கோபப்பட்டார், பிறகு அந்தத் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். பள்ளியோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது: கணக்குப் பாட வேளையில் பின்வரிசையில் உட்கார்ந்து தன் நோட்டில் எழுதலாம், தேர்வை முழுதாக எழுதித் தர வேண்டும். மராத்திக் கட்டுரை எழுதுவதும் அதில் சேரும். இதில் அவள் இன்னும் முணுமுணுக்கிறாள், நான் பள்ளியின் பக்கம்.

எனக்கு இரண்டு கவலைகள் மிச்சம். வயதொத்த தோழி ஒருத்தியும் இதுவரை இல்லை. ஞாயிறு வகுப்பில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியோடு 11 சதுரங்களைச் சேர்த்துப் போட்டுப் பார்க்கிறாள், அது எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். மற்றது உறவினர்கள்: தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்பலாமே என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை தந்தை மறுத்துவருகிறார்.

கப்ரேக்கர் வேலை ஆறு இலக்கத்துக்கு வந்திருக்கிறது. அங்கே வித்தியாசங்கள் மூன்று. 54 சோடிகளுக்குப் பதில் 219 சேர்க்கைகள் என்று அவளே எண்ணி எடுத்தாள். கையாலேயே போட்டுவருகிறாள். தன்னிடமே திரும்பிவரும் எண்ணாக 549945-ஐக் கண்டுவிட்டாள். அதேபோல் திரும்பிவரும் இன்னோர் எண்ணான 631764-ஐ இன்னும் எட்டவில்லை, அது இருக்கிறது என்று நாங்கள் யாரும் சொல்லவுமில்லை. ஆறு இலக்கத்துக்கு நிரல் ஓட்டக் கூடாது என்று அண்ணனிடம் எழுதி வாங்கியிருக்கிறாள்.